வருஷக் கடைசிக் குடும்பக் கடிதம்: கணவனும் மனைவியும் சேர்ந்து எழுத ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு நடந்தால் பதினைந்து இருபது நாளைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வருவார்கள். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும், அடுக்களையிலிருந்து பால் விடாத கட்டன் சாயா வந்தபடி இருக்கும். வந்தவர் ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார். வீட்டுக்காரர்கள் முதலிலிருந்து சொல்வார்கள். பத்தாவது ஆளுக்குச் சொல்லும்போது தொண்டை அடைப்பது கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் மஸ்கட்டிலும் குவைத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த நாற்காலி கிடைப்பதில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்துவிட்டு மறுநாள் டியூட்டிக்குப் போய்விடுகிறார்கள். டிசம்பரில் நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து எழுதுகிற குடும்பக் கடிதம் அவர்களுக்குப் போடுகிற நாற்காலி என்றுதான் நான் நினைக்கிறேன். இப்படி ஒரு கடிதத்தை முதல் தடவை எழுத உட்காருகிற தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் 2016 முதல் வருஷம் தவறாமல் எழுதுகிறோம். முதல் இரண்டு மூன்று கடிதங்களில் பிள்ளைகளின் மார்க்கு, வாங்கின வண்டி, போய் வந்த ஊர் என்று வரிசையாக அடுக்கியிருந்தோம். "கிடைத்தது, சந்தோஷம்" என்பதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அதில் ஒன்றும் இல்லை. 2019-ல் என் அப்பா இறந்தார்கள். அந்த வருஷக் கடிதம் ஒருவரை நோகடித்துவிட்டது, அதைப் பின்னால் சொல்கிறேன். 2025 ஜூலையில் மாமி, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, 84 வயதில் இறந்தார்கள். கீழே வருகிற உதாரணங்கள் பெரும்பாலும் அந்த வருஷக் கடிதத்திலிருந்து எடுத்தவை.

எங்கள் வீடு கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அனுப்புகிறோம். நீங்கள் பொங்கலுக்கு அனுப்பலாம், சித்திரைக்கு அனுப்பலாம். துக்கம் நடந்த வருஷம் பண்டிகை கிடையாது, வாழ்த்து அட்டை அனுப்பக்கூடாது என்ற வழக்கம் உள்ள வீடுகள் உண்டு. அந்த வீடுகளிலும் கடிதத்துக்குத் தடையில்லை. 2025-ல் எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை, கடிதம் மட்டும் போயிற்று.

எப்போது உட்கார வேண்டும்

நவம்பர் 2 கல்லறைத் திருநாள், இறந்தவர்களை நினைக்கிற நாள். சாயங்காலம் கல்லறைகளை மந்திரித்து முடிந்து, மெழுகுதிரி வாசனையோடு வீடு வந்து சேர்ந்த அன்றைக்கே நோட்டை எடுத்துவிடுவோம். அன்று மனசு தானாகவே திரும்பிப் பார்க்கிற நிலையில் இருக்கும், வலிந்து யோசிக்க வேண்டாம். முடிக்க வேண்டிய நாள் டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருநாள். அதைத் தாண்டினால் முந்திரிக்கொத்து உருட்டணும், அச்சு முறுக்கு சுடணும், பிள்ளைகள் குடில் கட்ட வைக்கோல் கேட்பார்கள், லீவுக்கு வருகிறவர்களைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் போய்க் கூப்பிடணும். கடிதம் நடக்காது.

ஒரு மாதம் என்றால் பெரிய வேலை போலத் தோன்றும். உட்கார்ந்து எழுதுகிற நேரம் எல்லாம் சேர்த்து ஆறேழு மணி நேரம்தான் வரும். மீதி நாள் எல்லாம் கடிதம் மனசில் ஊற.

முதல் வேலை: ஆளுக்கொரு பட்டியல்

ஒரே நோட்டில் இரண்டு பேரும் குனிந்துகொண்டு எழுத ஆரம்பிக்காதீர்கள். அப்படிச் செய்தால் வாய் அதிகம் உள்ளவரின் வருஷம்தான் கடிதத்தில் வரும். எங்கள் வீட்டில் அது நான். ஆளுக்கு ஒரு தாள் எடுத்து, ஜனவரி முதல் நவம்பர் வரை மாதப் பெயரை இடப்பக்கம் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே ஞாபகம் வருவதை ஒன்றிரண்டு வரி எழுதுங்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது.

ஞாபகம் வராத மாதங்களுக்குத் துணை தேவைப்படும். அடுக்களைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் முதல் துணை. அதில் கேஸ் வந்த தேதி, பால் கணக்கு, டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் எல்லாம் இருக்கும். போனில் போட்டோக்களை மாதவாரியாகத் தள்ளிப் பார்க்கலாம். ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு ஷீட் விற்ற கணக்கு நோட்டு உண்டு. ஜிபேயில் பணம் போன வரலாறு கூட உதவும். ஏப்ரலில் ஒரு சின்னத் தொகை பூக்கடைக்குப் போயிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு ஒரு கல்யாணமே ஞாபகம் வந்தது.

எழுதி முடித்ததும் தாளை மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது பேச வேண்டாம், படித்தால் போதும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் தாளில் ஜூலைக்கு நேரே இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தேன். மாமிக்கு மூச்சு வாங்கினது, சாமியார் வந்து நற்கருணை கொடுத்தது, அடக்கத்தன்று பெய்த மழை எல்லாம். வீட்டுக்காரர் தாளில் ஜூலைக்கு நேரே இவ்வளவுதான் இருந்தது: "நல்ல மழை. பால் வெட்டு இல்லை." பால் வெட்டு என்றால் ரப்பர் மரத்தில் பால் எடுப்பது, நல்ல மழையில் அது நடக்காது. பெற்ற தாய் இறந்த மாதத்துக்கு அவர் எழுதியது அதுதான். எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் தாளை இன்னொரு தடவை பார்த்தேன். மற்ற மாதங்களையெல்லாம் ஒரே வேகத்தில் எழுதியிருக்கிறார், ஜூலைக்கு நேரே பேனா முனை அழுத்திப் பொத்தல் விழுந்திருக்கிறது. எழுதப் போய் நிறுத்தியிருக்கிறார். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது அந்தத் தாளில்தான் தெரிந்தது.

யாருக்கு எழுதுகிறீர்கள்

கடிதம் முப்பது வீட்டுக்குப் போகும். எழுதும்போது ஒரே ஒரு ஆள்தான் மனசில் இருக்க வேண்டும். "அன்புள்ள உற்றார் உறவினர்களுக்கு" என்று தொடங்கினால் கல்யாணப் பத்திரிகை பாஷை தானாக வந்துவிடும், அப்புறம் அதை விரட்ட முடியாது. வர முடியாமல் போனவர்களில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். 2025-ல் எங்களுக்கு அது வீட்டுக்காரரின் தங்கை. மஸ்கட்டில் நர்ஸ். லீவு கேட்டுக் கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவளுக்கு என்ன தெரியணும்? அம்மா கடைசியில் என்ன சாப்பிட்டாங்க, யாரைத் தேடினாங்க, எந்தச் சேலை உடுத்தினோம், கல்லறையில் எந்தப் பக்கம், அப்பாவுக்குப் பக்கத்திலா இல்லையா. இதையெல்லாம் போனில் கேட்க அவளுக்கு வாய் வராது, எங்களுக்கும் சொல்ல வராது. அவளுக்குச் சொல்வதாக எழுதினோம். மற்ற இருபத்தொன்பது வீட்டுக்காரர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மாதிரி ஆயிற்று.

துக்கத்தை எழுதும் இடம்

இதுதான் கடினமானது. நிதானமாகச் சொல்கிறேன்.

முதலாவது, சாவுச் செய்தியைக் கடிதத்தின் தலையிலும் வைக்க வேண்டாம், கடைசியில் ஒளிக்கவும் வேண்டாம். ஜூலையில் நடந்தது ஜூலையில் வரட்டும். அதற்கு முன்னால் ஜனவரி முதல் ஜூன் வரை மாமி உயிரோடு இருந்தார்கள். மே மாதம் சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து சுளை எண்ணினார்கள். தலைப்பிலேயே இறந்துவிட்டார்கள் என்று எழுதினால் அந்த ஆறு மாதம் படிப்பவருக்குக் கிடைக்காது. விஷயம் இன்னும் எட்டாத வீடு ஏதாவது இருந்தால் அவர்களுக்குக் கடிதம் போகும் முன்னே போனில் சொல்லிவிட வேண்டும். கடிதத்தைப் பிரித்துத்தான் சாவு தெரிய வேண்டும் என்ற நிலை யாருக்கும் வரக்கூடாது.

இரண்டாவது, அந்தப் பத்தியை இழப்பு அதிகம் உள்ளவர் எழுத வேண்டும். வீட்டில் நன்றாக எழுதத் தெரிந்தவர் மற்றவராக இருக்கலாம். ஆனாலும் அவர் அங்கே பேனாவை வைத்துவிட வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தலாம், வாக்கியத்தை அழகாக்கக் கூடாது. வீட்டுக்காரர் மூன்று வாரம் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. நவம்பர் கடைசியில் ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு, "நீ போய்ப் படு" என்றார். காலையில் மேசையில் இந்தப் பத்தி இருந்தது:

"அம்மா ஜூலை 19 சனிக்கிழமை விடியற்காலம் இறந்துபோனாங்க. நல்ல மழை. கடைசி ஒரு மாசம் பேச்சு குறைஞ்சுபோச்சு. ஆனா சனிக்கிழமை நகம் வெட்டிவிட உட்கார்ந்தா கையை அவங்களே நீட்டுவாங்க. வலது கை கட்டைவிரல் நகம் மட்டும் கல்லு மாதிரி இருக்கும், வெந்நீர்ல கொஞ்ச நேரம் ஊறப்போட்டுத்தான் வெட்டணும். அந்தச் சனிக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரியே நகவெட்டியை ஜன்னல்படியில எடுத்து வச்சிருந்தேன்."

நான் ஒரு எழுத்து கூட மாற்றவில்லை. நான் எழுதியிருந்தால் மூச்சு வாங்கினது, ஆக்சிஜன், ஆம்புலன்ஸ் என்று ஒரு பக்கம் போயிருக்கும். கட்டைவிரல் நகம் வந்திருக்காது.

மூன்றாவது, சொல் நேராக இருக்கட்டும். "இறைவனடி சேர்ந்தார்", "மீளாத் துயில் கொண்டார்" எல்லாம் போஸ்டருக்கு. வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி: இறந்துபோனாங்க, போயிட்டாங்க. நோயைப் பற்றி ஒரு வரி போதும். ஆஸ்பத்திரிப் பில், டாக்டர் சொன்னது, எங்கே தவறு நடந்தது என்ற ஆராய்ச்சி இவை துட்டி வீட்டுத் திண்ணையில் பேசி முடிய வேண்டியவை.

நான்காவது, நான் செய்த தவறு. 2019-ல் அப்பாவைப் பற்றி எழுதும்போது, "கடைசி நேரத்தில் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே இருந்தோம்" என்று ஒரு வரி எழுதினேன். நடந்ததைத்தான் எழுதினேன். என் அண்ணன் அப்போது எர்ணாகுளத்தில் வேலையில் இருந்தான், வந்து சேர்வதற்குள் அப்பா போய்விட்டார்கள். அந்த வரியை அண்ணன் எப்படிப் படிப்பான் என்று நான் யோசிக்கவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. மைனி, அண்ணன் மனைவி, எட்டு மாதம் என் போனை எடுக்கவில்லை. அப்புறம் நேரில் போய், அடுக்களையில் நின்று, மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குத்தான் மைனி சொன்னாள், அண்ணன் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் ஒரு வாரம் வைத்திருந்தான் என்று. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: இறந்தவருக்கு எத்தனை பிள்ளைகளோ அத்தனை பேரும் அந்தப் பத்தியை முன்கூட்டியே படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் நகல் எடுப்போம். யார் வந்தார், யார் வரவில்லை என்பது ஒரு சொல்லாகக் கூட வராது.

போன ஊர்கள்

பயணத்தைப் பற்றி எழுதும்போது எல்லாரும் செய்கிற தவறு ஊர்ப் பெயரை அடுக்குவது. "அக்டோபரில் தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை, குற்றாலம் சென்று வந்தோம், மிகவும் இனிமையாக இருந்தது" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஊர், அதில் ஒரு இடம், ஏன் போனோம், என்ன பார்த்தோம், அவ்வளவு போதும். மற்ற ஊர்களை விட்டுவிடுங்கள். போட்டோவில் பார்த்துக்கொள்வார்கள்.

துக்கம் நடந்த வருஷத்தில் சுற்றுலா போனதை எழுதலாமா என்று சிலர் தயங்குவார்கள். எழுதலாம். இறந்தவரோடு தொடர்பு உள்ள பயணம் என்றால் கட்டாயம் எழுதுங்கள். எங்களுடையது அப்படித்தான் அமைந்தது. மாமி கல்யாணமான புதிதில், மாமா தென்மலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரப்பர் வெட்டப் போயிருந்தார்கள். கொல்லத்திலிருந்து செங்கோட்டை போகிற ரயிலில் மாமி பல தடவை போய் வந்திருக்கிறார்கள். கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று வளைவுள்ள கல்பாலம் ஒன்று இருக்கிறது, பதிமூன்று கண்ணறப் பாலம் என்பார்கள். மாமி அடிக்கடி சொல்வார்கள், "அதுக்க மேல பத்துத் தடவை போயிருக்கேன், பாலத்தை ஒரு தடவை கூடப் பாத்ததில்ல" என்று. ரயிலில் இருப்பவருக்குப் பாலம் தெரியாதே. கீழே ரோட்டில் நிற்பவருக்குத்தான் தெரியும். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வீட்டுக்காரர் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடக்கவில்லை.

அக்டோபரில் நாங்கள் இரண்டு பேரும் நெடுமங்காடு, குளத்துப்புழை வழியாகத் தென்மலை போய், அங்கிருந்து பாலத்தடிக்குப் போனோம். கடிதத்தில் இப்படி எழுதினோம்:

"ரோட்டோரம் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணினோம். பதிமூன்று சரியாக இருந்தது. ரயில் வருகிற வரை போக வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். ஒன்றரை மணி நேரம் நின்றோம். ரயில் வந்தபோது ஒரு ஜன்னலில் ஒரு அம்மா கையை வெளியே நீட்டிப் பிள்ளைக்கு எதையோ காட்டிக்கொண்டு போனார்கள். கீழே பார்க்கவில்லை."

இதில் தகவலும் கொஞ்சம் சேர்க்கலாம், பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். அந்தப் பாதையில் 1904-ல் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது, மலைப்பகுதியில் 2010-ல் நின்றது, அகலப்பாதையாக மாற்றி 2018-ல் மறுபடி முழுதாக ஓடுகிறது. இவ்வளவையும் ஒரே வரியில் அடக்கினோம். இரண்டாவது வரி போனால் அது ரயில்வே கட்டுரை ஆகிவிடும், மாமி அதிலிருந்து இறங்கிப் போய்விடுவார்கள்.

பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்

இதைச் சுருக்கமாகவே வையுங்கள். ஒரு ஆளுக்கு இரண்டு வரி. மார்க்கு, சம்பளம், விசா, வீட்டுக் கடன் இவை வேண்டாம். படிப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு வேலை இல்லாமல் இருக்கலாம், கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டிருக்கலாம். "இந்த வருஷம் உன்னைப் பற்றி ஒரு வரி எழுதணும், என்ன எழுதட்டும்?" என்று அந்தந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். எங்கள் இளையவன், "பாட்டிக்க கட்டில்லதான் இப்ப படுக்கேன், அதை எழுதுங்க" என்றான். எனக்கு அது தோன்றியிருக்காது.

அடுத்தவர் சொல்ல வேண்டிய செய்தியை நீங்கள் முந்திச் சொல்லக் கூடாது. மகள் உண்டாகியிருப்பது, பெண் பார்த்துவிட்டுப் போயிருப்பது, ஒருவர் வேலையை விட்டது, ஒரு தம்பதி பிரிந்து இருப்பது, இதெல்லாம் அவர்களுக்குச் சொந்தமான செய்தி. சம்மதம் இல்லாமல் ஒரு குறிப்பு கூட வரக்கூடாது. "சில கஷ்டங்களும் இருந்தன" என்று மூடி மறைத்து எழுதுவதும் வேண்டாம். அதைப் படித்துவிட்டு நாலு பேர் போன் போட்டு என்ன கஷ்டம் என்று கேட்பார்கள்.

எந்த மொழியில்

எல்லையோரக் குடும்பங்களுக்கு மட்டுமே உள்ள சிக்கல் இது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்களுக்கு எங்கள் சொந்தபந்தம் எங்கே எங்கே இருக்கிறது என்று தெரியாது. மாமி இந்தப் பக்கம், மாமியின் தங்கை கல்யாணமாகிப் போனது அந்தப் பக்கம் பாறசாலை. பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் சித்தியின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. மாமியே திருவிதாங்கூர் காலத்தில் மலையாளத்தில் படித்தவர்கள், கையெழுத்து கடைசி வரை மலையாளத்தில்தான்.

மலையாளத்தில் தனியாக எழுதிப் பார்த்தோம், சரிப்படவில்லை. அது வேறு யாரோ எழுதின கடிதம் மாதிரி ஆகிவிட்டது. இப்போது தமிழில் எழுதி, அதை நாங்களே வாசித்துப் போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அவர் எழுதிய பத்தியை அவர் வாசிப்பார், என்னுடையதை நான். பதிவு பத்து நிமிஷத்துக்குள் இருந்தால்தான் கேட்பார்கள். வாசிக்கும்போது மூச்சு முட்டுகிற வாக்கியம் எதுவோ அதை இரண்டாக உடையுங்கள், எழுத்துப் பிரதியும் அதனால் நல்லதாகும். வீட்டுக்காரர் தன் பத்தியை வாசிக்கையில் "ஜன்னல்படி" என்ற சொல்லில் கொஞ்சம் நின்றுவிட்டார். மறுபடி எடுக்கலாமா என்றேன். வேண்டாம் என்றார். அப்படியே அனுப்பினோம்.

இரண்டு மொழியிலும் இருந்து பொருள் மாறுகிற சொற்களில் கவனம் வேண்டும். "முற்றம் வரை வெள்ளம்" என்று நாம் எழுதினால் மழைவெள்ளம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், அவ்வளவுதான். நமக்கு அவசரம் பதற்றம், அவர்களுக்கு அது வாய்ப்பு. நமக்குச் சம்சாரம் மனைவி, அவர்களுக்குப் பேச்சு. "கடைசி மாதம் சம்சாரம் குறைந்தது" என்று ஒரு தடவை சித்தி சொன்னதை மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு உறவினர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டு பதறிவிட்டார்.

தாள், தபால்

கையால் எழுதுங்கள். எழுத்து மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. என் பகுதி நீல மையில், அவர் பகுதி கறுப்பு மையில். ஏ4 தாள் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 5 கிராம் அளவு இருக்கும். இரண்டு தாள், ஒரு கவர் என்றால் 20 கிராமுக்குள் அடங்கும், எங்களுக்கு 5 ரூபாய் ஸ்டாம்பு போதுமாக இருந்தது. சந்தேகம் இருந்தால் போஸ்டாபீஸில் நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். போட்டோ வைத்தால் எடை கூடும்.

நகல் எடுக்கும் முன் கடைசிப் பக்கத்தின் கீழே நாலு விரல் இடம் காலியாக விடுங்கள். ஜெராக்ஸ் எடுத்த பிறகு அந்த இடத்தில் அந்தந்த வீட்டாருக்கு மட்டும் இரண்டு வரி கையால் எழுத வேண்டும். "அக்கா, நீங்க கொடுத்த மட்டி வாழைக் கன்று குலை தள்ளிடிச்சு" என்கிற மாதிரி. முப்பது கடிதத்துக்கு இது இரண்டு சாயங்காலம் ஆகும். சலிப்பாக இருந்தாலும் இதை விடாதீர்கள். பெரியவர்கள் முதலில் படிப்பது இந்த இரண்டு வரியைத்தான்.

பின்கோடு சரிபாருங்கள். கன்னியாகுமரி மாவட்டம் 629-ல் தொடங்கும், அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை 695. கட்டாயம் போய்ச் சேர வேண்டியதற்கு முன்பெல்லாம் ரிஜிஸ்டர் தபால் போடுவோம். 2025-ல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, இப்போது அதில்தான் அனுப்ப வேண்டும். வெளிநாட்டுக்குத் தபாலை நம்பி இருக்க வேண்டாம். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, அசலை லீவு முடிந்து போகிற ஆள் கையில் கொடுத்து விடுங்கள்.

போட்டோ ஒன்று மட்டும் வையுங்கள். எங்கள் ஊரில் அடக்கத்தன்று பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று போட்டோ எடுக்கிற வழக்கம் உண்டு, அதை ஆல்பத்தில் வைத்திருங்கள். கடிதத்தோடு அனுப்பாதீர்கள். தூர தேசத்தில் தனியாக ஒரு அறையில் கவரைப் பிரிப்பவளை நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அனுப்பியது மாமி சக்கைச் சுளை எண்ணிக்கொண்டிருக்கும் படம். முகம் பாதிதான் தெரிகிறது, கை நன்றாகத் தெரிகிறது.

கையெழுத்து

இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் மட்டும் போட்டால் போதாது. எங்கள் கடிதங்களில் எங்கள் இருவர் பெயருக்கும் கீழே மாமி மலையாளத்தில் தன் பெயரை எழுதுவார்கள், பக்கத்தில் ஒரு சிலுவைக்குறி. 2025-ல் அந்த இடத்தில் என்ன செய்வது என்று இரண்டு நாள் பேசினோம். பழைய கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா எழுதாததை எழுதின மாதிரி காட்டக்கூடாது" என்றார். அவர் சொன்னதுதான் சரி. எங்கள் பெயர்களை வழக்கமான இடத்திலேயே எழுதி, கீழே உள்ள இடத்தை அப்படியே விட்டோம். தனியாக இருப்பவர்கள், துணையை இழந்த முதல் வருஷம் எழுதுகிறவர்கள், தன் பெயரை மட்டும் எழுதினால் போதும். இரண்டு பெயரையும் எழுதி ஒன்றுக்கு முன் "காலஞ்சென்ற" என்று போட வேண்டியதில்லை.

பதில் வந்தால்

எல்லாரும் பதில் போட மாட்டார்கள். வருகிற பதிலை, குரல் செய்தியாக இருந்தால் அதில் முக்கியமானதைத் தாளில் எழுதியாவது, கடித நகலோடு சேர்த்து ஒரு பைலில் வையுங்கள். அடுத்த வருஷம் பட்டியல் எழுதும்போது உதவும். எங்கள் பைலில் 2016 முதல் எல்லாம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் படாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

மஸ்கட்டிலிருந்து நாத்தனாரின் குரல் டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி வந்தது. அழவில்லை. டியூட்டி முடிந்து பஸ்ஸில் இருக்கிறாள் போல, பின்னால் இரைச்சல். "அண்ணே, அம்மாக்க நகவெட்டி இன்னும் அங்கதான் இருக்கா? எனக்குத் தாருங்க" என்று கேட்டிருந்தாள். ஜனவரியில் லீவு முடிந்து மஸ்கட் திரும்பிய பக்கத்து வீட்டுப் பையன் கையில், ஒரு பாக்கெட் ஏத்தங்காய் வற்றலோடு சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.